கண்ணாடிக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு சாண்

அப்பாவுக்குக் கயிறுதான் நாற்காலி. இருபத்தாறு வருடம் உயரமான அலுவலகங்களின் வெளிப்புறத்தில் தொங்கியபடி கண்ணாடி துடைத்தார். எந்த மாடியில் யார் வேலை நேரத்தில் தூங்குகிறார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. "மேனேஜர்தான் வாயப் பொளந்து தூங்குறாரு. குறட்டை மட்டும் வெளிய கேக்கல" என்பார்.

மகள் படித்துக் கட்டட முகப்புப் பொறியாளர் ஆனாள். அப்பா துடைக்கும் பன்னிரண்டு மாடிக் கட்டடமே ஒருநாள் அவள் மேசைக்கு வந்தது. முழுக்கக் கண்ணாடி. மூன்று மணிக்கு மேல் மேற்குப் பக்கம் யாராலும் உட்கார முடியவில்லை. ஏசி முக்கி முனகியும் பலனில்லாமல், கண்ணாடியில் அட்டை ஒட்டி வைத்திருந்தார்கள். உள்ளே திரை போட்டும் பயனில்லை. கண்ணாடியைத் தாண்டிவிட்ட வெயில் உள்ளேதான் கிடக்கும். வெளியிலேயே மறிக்க வேண்டும். அவள் அலுமினியத் தகடுகளைப் படுக்கைவாட்டில் வரிசையாக வரைந்தாள். கண்ணாடிக்கும் தகட்டுக்கும் இடையே ஒரு சாண்.

சாப்பாட்டு மேசையில் அப்பா வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, இதுக்குள்ள நான் எங்க நிக்கிறது?"

"வெளியில தொங்கிக்கிட்டே கைய விட்டுத் துடைங்கப்பா. கை போகும்ல?"

"கை போகும்."

அவர் வரைபடத்தை மடித்து வைத்தார். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. ஆள் நிற்க இடம் விட்டால் தகடுகளைப் பிடிக்கும் தாங்கிகள் நீளும். பாரக் கணக்கை முதலிலிருந்து போட வேண்டும். வெள்ளிக்கிழமை கெடு.

தகடுகள் ஏறின. வெயில் அடங்கியது. அட்டைகளைக் கிழித்தார்கள். கட்டட உரிமையாளரிடமிருந்து பாராட்டிக் கடிதம் வந்தது. அப்பா அதை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்.

அடுத்த வருடம் அவர் இடது கையால் தலை வாரத் தொடங்கினார். வகிடு பக்கம் மாறியது.

"இந்த வயசுல புது ஸ்டைலா? யாருக்காகப்பா?"

"உங்கம்மாவுக்குத்தான். கண்டுக்கவே மாட்டேங்கிறா."

மகள் சிரித்தாள். அதோடு விட்டாள்.

மூன்றாம் வருடம் மூளையில் ரத்தக்குழாய் வெடித்து, இரண்டே நாளில் அப்பா போய்விட்டார்.

பத்து நாள் கழித்து அவருடைய கயிற்றுக் கூட்டாளி வீட்டுக்கு வந்தார். ஆறடிக்கு மேல் உயரம். எல்லோருக்கும் அவர் நெட்டையர்.

"கடைசி வரைக்கும் தோள்வலி இருந்துச்சா பாப்பா?"

"எந்தத் தோள்?"

நெட்டையர் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனாலும் சொன்னார். மேற்குப் பக்கம் முழுவதையும் மாதாமாதம் அப்பா ஒருவரே துடைத்திருக்கிறார். தகடுகளுக்கு நடுவே கையை விட்டு, உள்ளே மடக்கி, கண்ணுக்குத் தெரியாத இடத்தையெல்லாம் தடவித் தடவி. வலது கை தோளுக்கு மேல் எழும்பாமலே போயிருக்கிறது.

"நாங்க புகார் எழுதினோம். உங்கப்பா வாங்கிக் கிழிச்சுப் போட்டுட்டாரு. 'எம்பொண்ணு தப்பா வரைஞ்சான்னு ஒருத்தன் பேசக் கூடாது. கஷ்டமா இருந்தா எங்கிட்ட விடுங்கடா'ன்னாரு. பிடிவாதத்துல மனுஷன் கழுதை."

அந்த வாரமே அலுவலகத்தில் அடுத்த கட்டடத்துக்கான கூட்டம்.

"போன தடவை போட்டதையே போட்டுடலாம்" என்றார் தலைமைப் பொறியாளர். "இத்தனை வருஷத்துல ஒரு புகார்கூட இல்ல."

"புகார் இருந்துச்சு சார். எங்கப்பா கிழிச்சுட்டாரு."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஆள் நடக்க இடைவெளி வேண்டும், நடுவே இரும்புக் கிராதிப் பாதை வேண்டும் என்றாள்.

"புதுசுல மாத்திக்கோ. பழசக் கிளறாத. உன் பேருதான் கெடும்."

"அங்க இப்ப மத்த அஞ்சு பேர் கைய விட்டுத் துடைக்கிறாங்க சார்."

கட்டட உரிமையாளருக்குக் கடிதம் எழுதினாள். 'இடைவெளியைத் தீர்மானித்தது நான். துடைப்பவர் கேட்டும் மாற்றவில்லை. தகடுகளைக் கழற்றித் தள்ளிப் பொருத்த வேண்டும்.' துடைப்பவர்கள் சார்பில் கையெழுத்து வாங்க நெட்டையரிடம் போனாள்.

அவர் எழுத்துக் கூட்டி வாசித்து முடித்தார்.

"இத மறைக்கத்தானே பாப்பா அவரு தோளையே குடுத்தாரு?"

"தெரியும் மாமா."

"இருந்திருந்தா இதையும் கிழிச்சிருப்பாரு."

அவள் பேனாவை நீட்டினாள்.