சமர்கண்ட் சந்தையில் குங்குமப்பூ வாங்கப் போன கதை

சுவிட்சர்லாந்தின் இன்டர்லாக்கனில் ஹோட்டல்கள் காத்து வாங்கும் நவம்பரில்தான் என் கணவருக்கு லீவு. அங்கே ஒரு ஹோட்டலில் சமையல்காரர் அவர். போன மாரிக் குளிரில் வந்த காய்ச்சலோடு அவருக்கு மணமே தெரியாமல் போய்விட்டது. கோடையில், "எல்லாம் திரும்பி வந்திட்டுது" என்றார். அதை நம்பித்தான் தலைமைச் சமையல்காரரான ஷெஃப், டிசம்பரிலிருந்து மணமும் ருசியும் பார்த்துச் செய்கிற சோஸ் பொறுப்பைத் தருவதாக இருந்தார். பதினான்கு வருடம் காத்திருந்த வேலை! அந்தச் சந்தோஷத்தில்தான், நான் கனகாலமாக நச்சரித்த, உஸ்பெகிஸ்தானில் இருக்கும் சமர்கண்டுக்குக் கிளம்பினோம்.

சூரிச்சிலிருந்து இஸ்தான்புல் வழியாகத் தாஷ்கண்ட். அங்கிருந்து விரைவு ரயிலில் இரண்டேகால் மணி நேரம். ஸ்டேஷனிலிருந்து சியாப் பசார் ஆறு கிலோமீட்டர். டாக்சிக்கு 25,000 சோம், அதாவது இரண்டு பிராங்குக்கும் குறைவு. காலை எட்டரைக்கு உள்ளே நுழைந்தோம்.

அடேயப்பா, என்ன சந்தை! தட்டு அகலத்தில் பளபளக்கும் ரொட்டி, குவியல் குவியலாக உலர்ந்த பாதாமி. சீரகத்துக்கு இங்கே 'ஸிரா' என்று பெயர். தின்று பார், மணந்து பார், பிறகு விலை பேசு என்பதுதான் வழக்கம். எடுத்த எடுப்பில் விலை கேட்ட என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

மசாலாக் கடைக்காரம்மா ஒரு கிண்ணத்தில் சிவப்பு இழைகளை நீட்டினார். என் கணவர் கண்ணை மூடி மூச்சை இழுத்தார்.

"அசல் குங்குமப்பூ. மணமெண்டா இதெல்லோ மணம்!"

அந்த அம்மா தலையை ஆட்டி, போனில் மொழிபெயர்த்துக் காட்டினார். அது குங்குமப்பூவே இல்லையாம். சோற்றுக்கு நிறம் போடும் மலிவான வேறு பூவாம், மணம் இராதாம். பிறகு ஒரு சின்ன டப்பாவைத் திறந்தார். அசல் சரக்கு, எனக்கு மூக்கில் ஏறியது. இவர் டப்பாவை மூக்கருகே பிடித்துத் திரும்பத் திரும்ப மூச்சை இழுத்தார்.

"இஞ்சேருங்கோ, இது மணக்கேல்லையோ?"

"ஒண்டும் மணக்கேல்லை. கோடையிலை சொன்னது பொய். உண்மையைச் சொன்னா திரும்பவும் கோப்பை கழுவத்தான் விடுவினம்."

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. என்னிடமுமா நடிப்பு! பிறகு, நிறத்தையும் மணிக்கூட்டையும் மட்டும் பார்த்து இத்தனை மாதம் எப்படிச் சமைத்தார் என்று யோசிக்கத் தொடங்கினேன்.

போக நினைப்பவர்களுக்கு: சுவிஸ் பாஸ்போர்ட்டுக்கு விசா தேவையில்லை, இலங்கைப் பாஸ்போர்ட் என்றால் முதலே விசாரியுங்கள். சில்லறையாகச் சோம் வைத்திருங்கள். குங்குமப்பூவை நிறம் பார்த்து வாங்காதீர்கள்.

திரும்பிவந்த திங்களன்று இவரே ஷெஃபிடம் சொன்னார். சோஸ் பொறுப்பு வேறொருவருக்குப் போய்விட்டது. இவர் இப்போது மரக்கறி வெட்டுகிறார்.

போன ஞாயிறு வீட்டில் வெந்தயம் வறுத்துக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"இஞ்சை வாரும். கருகுதோ எண்டு மணந்து சொல்லும்."

பக்கத்தில் போய் நின்றேன். "இன்னும் கொஞ்சம்... ஓம், இப்ப இறக்குங்கோ."