சின்ன ரீமில் ஒரு மாப்பிள்ளை

ரொறன்ரோவில் இருக்கிற அக்காவின் மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பான். போன கிழமை அவனுக்குப் பேஸ்போல் பைத்தியம். பெரிய ரீமுக்குக் கீழே சின்னச் சின்ன ரீம்கள் இருக்குமாம். அதைப் பண்ணை என்பார்களாம். அந்தப் பெடியளின் ஆட்டத்தைப் பார்த்து, இவன் மேலே வருவான், இவன் வரமாட்டான் என்று சொல்வதற்கென்றே சம்பளத்துக்கு ஆட்கள் ஊர் ஊராகத் திரிவார்களாம்.

"பண்ணையோ? மாட்டுப் பண்ணை மாதிரியோ?" என்று கேட்டேன்.

"ஓம் மாமா, இது ஆள் வளக்கிற பண்ணை."

"அந்த வேலையை நானும் பாத்திருக்கிறன்" என்றேன். அவன் சிரித்த சிரிப்பில் போன் கட்டாகிவிட்டது. நீங்களும் சிரிக்கலாம், பரவாயில்லை. ஆனால் உண்மை அதுதான்.

தொண்ணூறுகளின் நடுவில், யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வன்னிக்கு வந்த புதிதில், முல்லைத்தீவுக் கரையில் முள்ளிவாய்க்காலுக்கு அயலில் ஒரு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியராக இருந்தேன். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவில் கத்தோலிக்கக் கோயில், கோயிலுக்குப் பின்னால் பந்தடிக்கிற வெளி. ஊர் முழுக்க மீன் மணக்கும். நானோ சுத்த சைவம். வந்த புதிதில் மூக்கைப் பொத்திக்கொண்டு திரிந்தவன், கொஞ்ச நாளில் அந்த மணம் இல்லாவிட்டால் என்னவோ குறைகிறதே என்று தேடத் தொடங்கினேன். ஊரின் ஒரே தோல் பந்துக்கும் அதே மணம்தான். பொருளாதாரத் தடைக் காலம். புதுப் பந்துக்கு எங்கே போவது? உள்ளே சைக்கிள் ரியூப் ஒட்டு, வெளியே வலை நூல் தையல். தலையால் அடித்தால் நெற்றியில் தையல் அடையாளம் பதியும். அடுத்த நாள் வகுப்பில் யார் யார் பந்தடித்தார்கள் என்று நான் கேட்கத் தேவையில்லை.

ஊர்க் கழகத்தின் தெரிவுக் குழுவில் நான் சேர்ந்த கதை வெட்கக்கேடு. படித்த பள்ளிக்கூடத்தின் உதைபந்தாட்ட அணியோடு ஊர் ஊராகப் போனவன் என்று ஒருநாள் வாய்விட்டேன். போனது உண்மை. இடைவேளையில் ஆட்டக்காரருக்குத் தோடம்பழம் வெட்டிக் கொடுக்கிறவனாகப் போனேன் என்பதை ஒருவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

குழுத் தலைவர் சூசைப்பிள்ளைச் சம்மாட்டியார். கரைவலையும் வள்ளமும் வைத்திருந்தவர். வலை இழுக்க ஆள் பிடிக்கிற மாதிரியே பந்தடிக்கவும் ஆள் பிடிப்பார். சின்ன ரீம் பெடியளை வரிசையாக நிற்கவைத்து, சாரத்தை முழங்காலுக்கு மேலே தூக்கச் சொல்லுவார்.

"காலைப் பாருங்கோ மாஸ்ரர், காலை. கெண்டைக்கால் உருளாதவன் என்னத்தைப் பந்தடிக்கிறது?"

நான் தலையைப் பார்க்கிற கட்சி. களத்தை வாசிக்கிற கண் வேண்டும், அடுத்த அசைவு முன்கூட்டியே தெரிய வேண்டும் என்றெல்லாம் பேசுவேன். சம்மாட்டியாருக்கு விளங்காது. எனக்கும் அவ்வளவாக விளங்கியதில்லை.

அந்த வருடம் நான் கண்டெடுத்தவன் அன்ரன். சின்ன ரீமில் இடதுகாலால் ஆடுகிறவன். கால்கள் முருங்கைக்காய் மாதிரி. ஆனால் அந்தக் கால்களுக்குள் பந்து போனால் வெளியே எடுக்க ஒருவராலும் முடியாது. சம்மாட்டியார் அவன் கெண்டையைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். பயிற்சி ஆட்டத்தில் அவருடைய சொந்த மருமகனையே அன்ரன் இரண்டு தரம் மணலில் விழுத்திப் போட்டுப் போனான். மருமகன் ஒரு பனங்குற்றி. கெண்டைக்கால் பார்த்தே மகளுக்கு எடுத்த மாப்பிள்ளை என்று ஊர் சொல்லும். சம்மாட்டியார் தொண்டையைச் செருமினார். "சரி, பெரிய ரீமில போடுங்கோ."

அப்போது வேலிக்குப் பின்னாலிருந்து அவருடைய மனைவி மரியக்காவின் குரல் வந்தது. குழுவில் அவா இல்லை. குழுவின் முடிவுகள் மட்டும் அவாவிடம் இருந்தன.

"நீங்கள் கெண்டைக்காலைப் பாத்துக்கொண்டிருங்கோ. அங்க அவனுக்குக் கலியாணப் பேச்சுக்கால் நடக்குது. தெற்கூரில பொம்பிளை."

அந்தக் கரையில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டோடு போய்விடுவான். நாங்கள் சின்ன ரீமில் வைத்து வளர்த்து, பழுக்கிற நேரத்தில் பக்கத்து ஊர் தாலியைக் காட்டிக் கொண்டுபோய்விடும். அதற்கு முந்தின வருடம் எங்கள் முன்வரிசை வீரன் பங்குனியில் தெற்கூருக்கு மாப்பிள்ளையாகப் போய், திருநாள் கிண்ணத்துக்கான ஆட்டத்தில் எங்களுக்கே கோல் அடித்தவன். அடித்துவிட்டு எங்கள் பக்கம் பார்த்து மன்னிப்புக் கேட்கிற மாதிரிச் சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் ஊரால் தாங்க முடியவில்லை.

மரியக்காவே மருந்தும் சொன்னா. "எங்கட ஜெசிந்தாவுக்குக் கேட்டுப் பாருங்கோ."

ஜெசிந்தா அதே ஊரில் தாயோடு இருந்தாள், தையல் மெசினில் ஊருக்குத் தைத்துக் கொடுப்பவள். கழகத்தின் சட்டைகளும் அவள் தைத்தவைதான். மா மூட்டைத் துணியில் சாயம் போட்டுத் தைத்தது. சாயத்தையும் மீறி முதுகில் ஆலையின் பெயர் அரைகுறையாகத் தெரியும். தூது போக வேண்டியவன் நான். 'படிச்ச மனுசன் கேட்டால் மறுக்கமாட்டினம்' என்பது சம்மாட்டியாரின் கணக்கு.

போனேன். அன்ரனின் இடதுகாலைப் பற்றி விரிவாக எடுத்துச் சொன்னேன். ஜெசிந்தா மெசினை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மாஸ்ரர், அவன்ர ஆட்டத்தை நீங்கள் பாத்தனியள். அவனை ஆர் பாத்தது?"

அடுத்த நாள் பின்னேரம் அவளே தாயோடு பந்தடிக்கிற வெளிக்கு வந்து, தென்னைக்குக் கீழே நின்று பயிற்சி ஆட்டம் முழுவதையும் பார்த்தாள். அன்ரனுக்கு விசயம் தெரிந்திருக்க வேண்டும். அன்றைக்கு அவன் ஆடிய ஆட்டத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. நாலு பேரைக் கடந்தான், ஐந்தாவது ஆளுக்காகக் காத்து நின்று அவனையும் கடந்தான். நான் பெருமையோடு அவளிடம் போனேன்.

"எப்பிடி?"

"நல்லா விளையாடுறான். ஆனால் பந்தை ஒருத்தருக்கும் குடுக்கிறானில்லையே மாஸ்ரர். நாளைக்கு வீட்டில சோத்துப் பானையையும் இப்பிடித்தானே காலுக்குள்ள வைச்சிருப்பான்?"

தாய் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டா. கெண்டையும் பார்த்து, தலையும் பார்த்து, இரண்டு பேராக மாதக்கணக்கில் ஆராய்ந்த எங்களுக்கு அது தெரியவே இல்லை. "இதை அவனிட்டப் போய்ச் சொல்லிப்போடாதேங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்குச் சொல்லாமலிருக்கத் தெரியும் என்று எந்த நம்பிக்கையில் சொன்னாளோ. கடற்கரை போய்ச் சேர்வதற்குள் அன்ரனிடம் சொல்லிவிட்டேன். அவன் காதுகள் சிவந்துபோயின.

திருநாள் ஆட்டம். எதிரே தெற்கூர். இரண்டு ஊரும் வெளியைச் சுற்றி நின்றன. ஆட்டம் முடியப் போகிறது, இன்னும் ஒரு பக்கமும் கோல் இல்லை. அந்த நேரம் அன்ரன் பந்தோடு புறப்பட்டான். ஒருவனை வெட்டினான், இன்னொருவனை வெட்டினான். கோல்காவலனும் முன்னால் வந்து விழுந்துவிட்டான். கம்பங்களுக்கு நடுவே கடற்காற்றைத் தவிர ஒன்றுமில்லை. சம்மாட்டியார் கதிரையில் ஏறி நின்றுவிட்டார்.

அன்ரன் நின்றான். பக்கவாட்டில் பார்த்தான். பந்தை மெல்லத் தட்டி, மூச்சிரைக்க ஓடிவந்துகொண்டிருந்த சம்மாட்டியாரின் மருமகனுக்குக் கொடுத்தான்.

மருமகன் அடித்தான். அப்படியொரு அடியை அந்தக் கரை கண்டதில்லை. பந்து கோலுக்கு மேலே, தென்னைகளுக்கு மேலே போய்க் கடலில் விழுந்தது. அதை நீந்தி எடுத்துவந்து ஆட்டத்தைத் தொடங்கிய கையோடு தெற்கூர் ஒன்று போட்டது. போட்டவன் எங்கள் பழைய ஆள்தான். இந்த முறை அவன் சிரிக்கவில்லை. எங்கள் முகங்கள் அப்படி இருந்திருக்க வேண்டும்.

"ஆர் உவனுக்குப் பந்தைக் குடுக்கச் சொன்னது?" சம்மாட்டியார் கத்தினார். நான் கோயில் கோபுரத்தைப் பார்த்தேன். மரியக்கா ஜெசிந்தாவைப் பார்த்தா. ஜெசிந்தா நிலத்தைப் பார்த்தாள். அவளுடைய தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று பக்கத்தில் நின்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

விடிந்ததும் அவள் வீட்டிலிருந்து மரியக்காவுக்குச் சம்மதம் வந்தது. பள்ளிக்கூட வேலியோரம் அன்ரன் என்னைத் தேடி வந்தான்.

"மாஸ்ரர், நான் அந்தக் கோலைப் போட்டிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள்?"

"இல்லை எண்டுதான்."

"அப்ப நாங்கள் தோத்தது வீண் போகேல்லை" என்றான் மிகுந்த நிம்மதியோடு. ஊரில் அப்படிச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அன்றைக்கு அவன்தான்.

கலியாணத்தில் சம்மாட்டியார்தான் முன்னுக்கு நின்றார். கிண்ணம் போனாலும் ஆள் மிஞ்சினானே. அன்ரன் எங்கள் ஊருக்கு இரண்டு பருவம் ஆடினான், கேட்டவர்களுக்கெல்லாம் பந்தைக் கொடுத்தான். பிறகு எனக்கு வவுனியாவில் நியமனம் கிடைத்துப் போய்விட்டேன். அதற்குப் பிறகு அந்தக் கரைக்கு என்ன நடந்தது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. சம்மாட்டியாரும் மரியக்காவும் கடைசிச் சண்டையில் அங்கேயே இறந்துபோனார்கள். மருமகனைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. அன்ரனும் ஜெசிந்தாவும் பிள்ளைகளோடு மன்னார்ப் பக்கம் இருக்கிறார்கள்.

போன திருநாளுக்கு அந்தப் பழைய கரைக்குப் போயிருந்தேன். கோயிலைப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். பின்னால் வெளியில் அரைவாசிக்கு மேல் பற்றை. மிச்ச இடத்தில் சில பெடியள் பந்தடித்துக்கொண்டு நின்றார்கள். பழைய பழக்கம், என்னையறியாமலே அவர்களின் கால்களைப் பார்த்தேன்.

"தம்பியவை, நீங்கள் இந்த ஊரோ, தெற்கூரோ?"

"ரெண்டு ஊரும்தான் ஐயா. ஒரு ஊரில ரீம் போட ஆக்கள் காணாது."

"ஆர் உங்கட தெரிவுக் குழு?"

அந்தப் பெடியனுக்குக் கேள்வி விளங்கவில்லை. பந்தைக் காலால் மிதித்து நிறுத்தினான்.

"தெரிவு செய்யிறதுக்கு என்ன ஐயா இருக்கு? வாற ஆக்கள் எல்லாரும் விளையாடுறம்."