அஜீசா மாடியில் வளர்த்த சோளம்

எம்.சி. ரோட்டில் துணிக்கடை வாசலில் பதினைந்து வருஷமாக ஸ்வீட் கார்ன் அவித்து விற்கிறவள் அஜீசா. அந்தச் செடி வளர்வதைத் தான் ஒருநாள்கூடப் பார்த்ததில்லையே என்ற குறை அவளுக்கு. அதனால்தான் தண்டையார்பேட்டை வீட்டு மொட்டைமாடியில், இருபது பெயிண்ட் வாளிகளில் மண் நிரப்பி, பிப்ரவரி கடைசியில் விதை ஊன்றினாள்.

ஏப்ரல் பாதிவரை பயிர் ஜோராக நின்றது. பிறகு வெயில் ஏறியது. மதியம் போய்ப் பார்த்தால் இலைகளெல்லாம் பீடி சுற்றியதுபோல் சுருண்டிருந்தன.

"தண்ணி பத்தல அஜீசா. இன்னும் ஊத்து," என்றான் அவள் கணவன் ரஷீது, கட்டிலைவிட்டு எழாமல்.

மூன்று வேளையும் உப்புக் கரிக்கும் போர்வெல் தண்ணீரை ஊற்றினாள். ஒரே வாரத்தில் இலை ஓரம் கருகி, மண்மேல் வெள்ளையாக உப்புப் பூத்தது. அப்புறம் லாரித் தண்ணீரைக் குடம் குடமாக மூன்று மாடி ஏற்றினாள். முட்டி வீங்கிப்போனது.

"படுத்துகினே யோசன சொல்லு. தூக்கறது நானு!" என்று கத்தினாள். மறுநாள் ரஷீதும் தூக்கினான். மூன்றாவது குடத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

மே தொடக்கத்தில் உச்சியில் பூ விரிந்தது. கீழே கதிரில் பட்டுநூல்போல் குஞ்சம் நீண்டது. பூவின் தூள் குஞ்சத்தில் விழுந்தால்தான் மணி பிடிக்கும் என்று மொபைலில் பார்த்திருந்தாள். காலையில் கோயம்பேடு மார்க்கெட் போய்ச் சரக்கு எடுத்து வந்தபின், தினமும் உச்சி வெயிலில் நின்று பூவை உலுக்கினாள்.

துணி காயப்போட வந்த கீழ்வீட்டு ராமசெல்வி சங்கரன்கோவில் பக்கத்துக்காரி; சோளக்காட்டில் வளர்ந்தவள். "என்னக்கா, இந்த நேரத்துல உலுக்குதீங்க? தூளு காலையிலயே கொட்டிருமே. இந்த வெயிலுக்கு மிச்சமும் செத்துருக்கும்."

"அத இப்பத்தான் சொல்றியா?"

"நீங்க கேக்கவே இல்லையேக்கா."

நான்கு நாள் வியாபாரத்தை விட்டுவிட்டு, விடிந்ததும் மாடியேறி உலுக்கினாள். குஞ்சம் அதற்குள் பழுத்துக் காய்ந்திருந்தது.

மூன்று வாரம் கழித்து முதல் கதிரை உரித்தாள். பதினோரு மணிகள், பல் போன ஈறுபோல் அங்கொன்றும் இங்கொன்றுமாக. மற்றதும் அப்படித்தான். தண்ணீர்த் தொட்டி நிழலில் நின்ற இரண்டு மட்டும் பாதி பிடித்திருந்தன. அவற்றை அவித்தாள்.

"டேஸ்ட்டு நல்லாத்தான் கீது," என்றான் ரஷீது.

"பேசாம துன்னு."

மறுநாள் கோயம்பேட்டில், வரிசை பிசகாமல் மணி நிறைந்த கதிர்களின் குவியல் முன்னால் நின்றாள். ஒன்றை உரித்துப் பார்த்தாள். "இதுக்கு மட்டும் எந்தத் தண்ணிய ஊத்தறானுங்க?" என்றாள். வியாபாரி சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மூட்டையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.