தண்ணி லாரி ஞானையாவும் அரை லிட்டர் தண்ணீரும்

பல்லாவரத்தில் ஆரம்பித்து ஊரப்பாக்கம் வரைக்கும் ஞானையாவின் லாரி ரிவர்ஸ் எடுக்காத தெரு ஒன்று இருந்தால் காட்டுங்கள், பார்க்கலாம். ஆறு தண்ணி லாரி. அத்தனையும் ஒற்றை ஆளாகச் சம்பாதித்தது. படிப்பு நாலாம் வகுப்போடு சரி. அனகாபுத்தூர் டீக்கடைகளுக்குக் குடத்தில் தண்ணீர் சுமந்தார். பிறகு மீன்பாடி வண்டியில் டிரம் வைத்து மிதித்தார். அதற்கப்புறம்தான் முதல் லாரி, அதுவும் யாரோ ஓட்டித் தள்ளிய லாரி. எந்த வீட்டுத் தரையடித் தண்ணீர்த் தொட்டி, அதாவது சம்ப்பு, எத்தனை லிட்டர் பிடிக்கும் என்பதை அவர் எழுதி வைத்துக்கொண்டதே இல்லை. எல்லாம் மண்டையில் இருக்கும். டிகிரி படித்த சூப்பர்வைசர்கள் போன் போட்டு அவரிடம் கேட்டுக்கொள்வார்கள்.

அப்படிப்பட்ட மனிதருக்கு அறுபத்து நாலாவது வயதில் ப்ராஸ்டேட்டில் கேன்சர் என்றார்கள். தாம்பரம் பக்கத்தில் ஒரு மருத்துவமனை. இருபத்தெட்டு நாள் ரேடியேஷன், சனி ஞாயிறு மட்டும் லீவு. ஞானையா அதற்கெல்லாம் அசரவில்லை. டாக்டர் கடைசியாகச் சொன்ன விஷயம்தான் அவருக்குச் சிரிப்பை வரவழைத்தது.

தினமும் முதலில் பாத்ரூம் போய்விட்டு வர வேண்டும். பிறகு அரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு, முக்கால் மணி நேரம் அடக்கிக்கொண்டு உட்கார வேண்டும். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால்தான் குடல் ஒதுங்கி நிற்கும், கதிர் படவேண்டிய இடத்தில் மட்டும் படும். மெஷினில் படுத்ததும் முதலில் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். பை நிறையவில்லை என்றால் இறக்கிவிட்டு, மறுபடி தண்ணீர், மறுபடி காத்திருப்பு.

"இவ்ளோதானா டாக்டர்? ஊருக்கே தண்ணி ரொப்பினவன் நானு. எனக்குப் போய் அரை லிட்டரு சொல்லித் தர்றியே" என்றார் ஞானையா.

நாலாம் நாளே ரேடியேஷனுக்குக் காத்திருக்கும் ஹாலில் என்ன கோளாறு என்று கண்டுபிடித்துவிட்டார். அங்கே காத்திருக்கும் ஆண்கள் பத்துப் பன்னிரண்டு பேர். எல்லாருக்கும் இதே வியாதி, இதே அரை லிட்டர். வந்ததும் ஆளாளுக்கு மடக்மடக்கென்று குடித்துவிடுவார்கள். உள்ளே ஒருவருக்குப் பத்து நிமிஷம் கூடுதலாக ஆனால் போதும், வெளியே அத்தனை பேரும் தொடையை இறுக்கிக்கொண்டு சுவரைப் பார்ப்பார்கள்.

"இன்னாய்யா வேலை இது? முன்னாடி வண்டி எங்க நிக்குதுன்னு பார்த்துத்தான் பின்னாடி வண்டிய ரொப்பணும். ரொப்பின வண்டிய கேட்ல நிக்க வெச்சா லோடு ஒழுகாம இன்னா பண்ணும்?"

மெஷினை இயக்கும் ஷ்யாம்சுந்தர் சின்னப் பையன்தான், ஆனால் விஷயம் தெரிந்தவன். உள்ளே ஒருவருக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஞானையா கேட்டதும் சொன்னான், சுமார் பதினைந்து நிமிஷம். அவ்வளவுதான். வரிசையில் தனக்கு மூன்று இடம் முன்னால் இருப்பவர் உள்ளே போனால்தான் ஒருவர் பாட்டிலைத் திறக்கலாம் என்று ஞானையா சட்டம் போட்டார். ஒரே வாரத்தில் ஹால் அவர் கைக்கு வந்துவிட்டது. வாசலில் நின்றுகொண்டு, "செங்கல்பட்டு அண்ணா, இப்ப குடி. சேலையூர் சார், நீ வெய்ட்டு" என்று தன் டிரைவர்களை ஏவுகிற மாதிரியே ஏவுவார். நோயாளிகளுக்கு ஆலோசனை சொல்லும் ஹெப்சி, "அங்கிள், எங்க டிபார்ட்மெண்ட்லயே சேர்ந்துடுங்க" என்றாள்.

"ஏற்கெனவே சேந்துட்டேம்மா. நீதான் இன்னும் ஆர்டர் குடுக்கலை."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துவாரா? "இந்த ஞானையா வால்வு இருக்குதே, ஒரு சொட்டு ஒழுகாது. கம்பெனி வால்வு" என்று தினமும் ஒரு தடவையாவது எல்லார் காதிலும் போட்டுவிடுவார். சொல்லும்போது மடியிலிருக்கும் கறுப்பு ரெக்ஸின் பையை ஒரு தட்டுத் தட்டிக்கொள்வார். அந்தப் பை அவரை விட்டு ஒரு நிமிஷமும் பிரிந்ததில்லை. லாரி ஆர்சி புக் எல்லாம் அதில்தான் இருக்கிறது என்று ஹாலில் பேச்சு.

அந்த ஹாலின் மூலையில் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு ஒருவர் உட்காருவார். சூர்யநாராயணன், ராஜகீழ்ப்பாக்கம். ரயில்வே ஆபீஸில் சூப்பரிண்டெண்டாக இருந்து ரிடையர் ஆனவர். செய்தித்தாளை விரித்துக்கொண்டால் முகமே தெரியாது. ஞானையா முதல் நாளே அவரை அடையாளம் கண்டுகொண்டார். "உங்க வீட்டுச் சம்ப்பு ஆறாயிரம் லிட்டரு. மூடி பச்சை கலரு. கரெக்டா சார்?"

சூர்யநாராயணன் பேப்பரை இறக்கிப் பார்த்தார். "மனுஷாள சம்ப்ப வெச்சுத்தான் ஞாபகம் வெச்சுப்பேளா?"

"மூஞ்சி மாறும் சார். சம்ப்பு மாறாது."

அன்றிலிருந்து சிநேகம்.

இரண்டாவது வாரக் கடைசியில் சூர்யநாராயணனை இரண்டு நாள் மெஷினிலிருந்து இறக்கிவிட்டார்கள். பை போதிய அளவு நிறையவில்லையாம். மனிதர் முகம் சுண்டிப் போயிற்று. ஞானையாவுக்குப் பொறுக்கவில்லை. "அரை லிட்டரு உங்களுக்குப் பத்தாது சார். முக்கால் லிட்டரு அடிங்க. நான் சொல்றேன், என் அளவு தப்பாது."

"ஷ்யாம கேக்க வேண்டாமா?"

"அவன் பொறக்கறதுக்கு முன்னாடியே நான் டேங்க் ரொப்பினவன் சார்."

அடுத்த புதன்கிழமை அவர் முக்கால் லிட்டர் குடித்தார். அன்றைக்கென்று பார்த்து மெஷின் இருபது நிமிஷம் நின்றுவிட்டது. அடுத்தது சூர்யநாராயணன் முறை. எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். பாத்ரூம் பக்கம் நாலடி நடந்தார். அங்கேயே முடிந்துவிட்டது. வெளிர்ச் சாம்பல் நிற பேண்ட். ஹாலில் பன்னிரண்டு பேர். அவர் செய்தித்தாளை முன்னால் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டார்.

வியாழன் வரவில்லை. வெள்ளியும் வரவில்லை.

"அவர் வீட்டு ஆன்ட்டிகிட்ட போன்ல பேசினேன். இனிமே வரவே மாட்டேன்னு சொல்றாராம்" என்றாள் ஹெப்சி. "பதினொண்ணுதான் முடிஞ்சிருக்கு அங்கிள். ரெண்டு நாள் விட்டா டாக்டர் எப்படியாவது சமாளிச்சுடுவார். அப்படியே நிறுத்திட்டா இதுவரைக்கும் எடுத்ததும் வீணாப் போயிடும். திங்கட்கிழமை வந்தே ஆகணும்."

ஞானையாவுக்கு அன்று ஒரு வாய் சோறு இறங்கவில்லை. ஊரெல்லாம் தண்ணீர் அளந்தவன், ஒரு மனிதனுக்குக் கால் லிட்டர் கூடுதலாக அளந்துவிட்டான்.

"அட்ரஸ் நான் தரக் கூடாது அங்கிள்" என்று ஹெப்சி இழுத்தாள்.

"உன்கிட்ட யாரும்மா அட்ரஸ் கேட்டா? பச்சை மூடி."

சனிக்கிழமை காலை ராஜகீழ்ப்பாக்கம் தெருவில் தண்ணி லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. சூர்யநாராயணனின் மனைவி காமு கேட்டைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "நாங்க தண்ணி சொல்லலையே."

ஞானையா ரெக்ஸின் பையோடு லாரியிலிருந்து இறங்கினார். "தண்ணி இல்லம்மா. நான்தான் வந்துகீறேன்."

சூர்யநாராயணன் வந்து உட்கார்ந்தார். வீட்டில் இருக்கும்போதும் அதே மடிப்புக் கலையாத சட்டை. முகம் கொடுத்து மட்டும் பேசவில்லை. ஞானையா குடம் சுமந்த கதையை ஆரம்பித்தார். மீன்பாடி வண்டிக்கு வந்தார். முதல் லாரி நடுரோட்டில் நின்றபோது தான் எப்படி அசராமல் நின்றார் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது சூர்யநாராயணன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீங்க எல்லாத்துலயும் ஜெயிச்ச மனுஷர். ரொம்ப சந்தோஷம். உங்களுக்கு இது புரியாது. முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல ஒருத்தர்கூட என்னப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னதில்ல. அந்த ஹாலுக்குள்ள இனிமே நான் எந்த முகத்த வெச்சுண்டு வருவேன்?"

ஞானையா கதையைப் பாதியில் விட்டார். அது அவர் வாழ்க்கையில் அபூர்வம். காமு கொண்டுவந்து வைத்த காப்பி ஆறியது. கடைசியில் ஞானையா மடியிலிருந்த பையின் ஜிப்பை இழுத்துத் திறந்தார்.

உள்ளே ஆர்சி புக் இல்லை. இரண்டு பேண்ட், ஒரு லுங்கி, ஒரு துண்டு, மடித்து வைத்த பிளாஸ்டிக் கவர்.

"மூணாவது நாளு சார்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. "நீ ஹால்ல. நான் மெஷின் மேலயே. அரை லிட்டரு எனக்கு எந்த மூலைக்குன்னு ஒண்ணரை லிட்டரு அடிச்சிட்டுப் போய்ப் படுத்தேன். ஷ்யாம்தான் ஷீட்டு மாத்தினான். ஒரு வார்த்தை சொல்லலை பையன். என் வூட்டுக்காரி அமலராணிக்கே தெரியாது. நானே பைப்புல அலசிப் போட்டேன்."

முதலில் சிரித்தது காமுதான், கதவுக்குப் பின்னால். பிறகு சூர்யநாராயணனின் தோள் குலுங்க ஆரம்பித்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கம்பெனி வால்வுன்னேளே."

"வால்வு கம்பெனிதான் சார். வாஷர் போயிடுச்சு."

சிரிப்பு அடங்கியதும் சூர்யநாராயணன் கேட்டார்: "இத ஹால்ல சொல்லுவேளா? எல்லார் முன்னாடியும்?"

ஞானையாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆறு லாரிக்காரன், ஹாலையே ஆட்டிப் படைப்பவன். அவர் ஜிப்பை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

"நீ வந்தா சொல்றேன் சார்."

திங்கட்கிழமை காலை ஹாலில் ஞானையா யாரையும் ஏவவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சூர்யநாராயணன் வந்தார். கையில் செய்தித்தாள் இல்லை, ஒரு துணிப்பை இருந்தது. வந்து மூலையில் உட்காராமல், நடு ஹாலில் நின்று ஞானையாவைப் பார்த்தார்.

ஞானையா எழுந்தார். லாரி ஹாரன் மாதிரி இருக்கும் குரல் அன்றைக்குச் சைக்கிள் மணி மாதிரி வந்தது. "எல்லாரும் கேட்டுக்கங்க. என் வால்வும் ஒழுகிச்சு. மூணாவது நாளு, மெஷின் மேலயே. புதன்கிழமை சாருக்கு ஆனதும் என் தப்பு. நான்தான் அளவ ஏத்திச் சொன்னேன். இனிமே டாக்டர் அளவுதான் அளவு."

செங்கல்பட்டுக்காரர் தன் காலடியிலிருந்த மஞ்சள் பையை மெல்லத் தூக்கிக் காட்டினார். "எனக்கு பஸ்ல. போன வாரம்." அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் தன் ஆபீஸ் பேக்கைத் தட்டினார். ஒருவர், இருவர் என்று ஏழு பைகள். எல்லாவற்றிலும் மாற்றுத் துணி. இத்தனை நாள் ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு காலுக்குள் ஒளித்து வைத்திருந்தார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டு ஷ்யாம்சுந்தர் வெளியே வந்து, மெஷின் பக்கம் சத்தம் போடக் கூடாது என்றான். அவனுக்கும் சிரிப்புதான்.

சூர்யநாராயணன் சரியாக அரை லிட்டர் குடித்து, முக்கால் மணி நேரம் கழித்து உள்ளே போனார். தண்ணீர் எப்போது குடிக்க வேண்டும் என்பதை மட்டும் ஞானையா சொன்னார். எவ்வளவு என்பதைச் சொல்லவில்லை. பதினைந்தாவது நிமிஷம் சூர்யநாராயணன் வெளியே வந்து கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். பன்னிரண்டு முடிந்தது.

அந்த வாரமே ஹெப்சி தன் அறை அலமாரியில் ஒரு தட்டை ஒழித்துக் கொடுத்தாள். ஞானையா இருபது லுங்கி வாங்கி அடுக்கினார். யாருக்கு வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம், யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை.

புதிதாக யாராவது பயந்த முகத்தோடு அந்த ஹாலுக்கு வந்தால் இப்போதும் ஞானையா பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வார். அவருடைய இருபத்தெட்டு நாள் முடிந்து மாசம் இரண்டு ஆகிறது, வருவதை நிறுத்தவில்லை.

"இன்னா சார், பேஜாரா கீதா? இந்த ஹால்ல முதமுதல்ல ஒழுகினது யாரு தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, தன் மார்பைத் தட்டிக்கொள்வார். "அதுலயும் நான்தான் ஃபர்ஸ்ட்டு."