கருப்புக்கு அடியில்

அப்பா காலமான பிறகு கோபாலபுரம் வீட்டு ஷெட்டில் முடங்கிக் கிடந்த அவருடைய காரை, ஞாயிற்றுக்கிழமைகளில் நானே பிரித்துப் பழுதுபார்த்தேன். எழுபதுகளின் தொடக்கம் அது. பெயிண்ட் வேலைக்கு மட்டும் பெயிண்டர் பாய் ஒருவரை வரவழைத்தேன். “பழைய கலரே அடிச்சிடுங்க” என்று சொல்லிவிட்டு, ஆபீஸ் வேலையாக வெளியூர் போனேன்.

திரும்பி வந்தபோது, வேப்பம்பூ உதிர்ந்த வாசலில் கனவில் வந்ததுபோல் ஓர் இளநீலக் கார் நின்றது. பாய் அதைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அப்பா கார் கருப்பு! யார் உங்களை நீலம் அடிக்கச் சொன்னது?” என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

“நீதானே சார் பழைய கலருன்னே? சுரண்டிப் பார்த்தேன். கருப்புக்கு அடியில இதான் கீது.”

சத்தம் கேட்டு வந்த அம்மா, பானெட்டை மெல்லத் தடவினாள்.

“கல்யாணமாகி இந்தக் கலர் கார்லதான்டா இந்த ஆத்துக்கு வந்தேன். கருப்புதான் மரியாதைன்னு உங்கப்பா ஒரு வார்த்தை கேக்காம மாத்திட்டார்.”

பாயிடம் மன்னிப்புக் கேட்டேன். அம்மா முன்சீட்டில் ஏறிக் கண்களை மூடிக்கொண்டாள். கார் நகரவில்லை, அவள் மட்டும் எங்கோ போய்க்கொண்டிருந்தாள்.

அப்பாவைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. என்ன கலர் அடிக்கலாம் என்று நானும்தான் அவளைக் கேட்கவில்லை.