எதுவுமே இல்லாத கணினி

என் மருமகளுக்கு என்ன வேலை என்று கேட்பவர்களிடம், மூட்டை கட்டுகிறாள் என்றுதான் சொல்வேன். யாரோ எழுதிய மென்பொருளை, விண்டோஸ், மேக், லினக்ஸ் என்று எந்தக் கணினியிலும் சட்டென்று நிறுவும்படி கட்டிக் கொடுப்பாள். அது ஓடத் தேவையான துணைக் கோப்புகளும் மூட்டைக்குள்ளேயே இருக்க வேண்டும். போகிற வீட்டில் கரண்டி இருக்கும் என்று வெறுங்கையோடு போகிற சமையல்காரி பிழைக்க மாட்டாள்.

சோதித்துப் பார்க்க மூன்று பழைய கணினிகள் எங்கள் சாப்பாட்டு மேசையை அடைத்துக்கொண்டு கிடக்கின்றன. அவற்றில் வேறு எதுவும் இருக்கக் கூடாது. ஒவ்வொரு வாரத் தொடக்கத்திலும் அடியோடு அழித்துப் புதிதாக்கிவிடுவாள். தட்டை மடியில் வைத்துச் சாப்பிட நாங்களும் பழகிவிட்டோம்.

வேலையை விட்டுச் சொந்தமாகத் தொடங்கியவளுக்கு முதல் வாடிக்கை ஒரு பல் மருத்துவமனை. மூட்டையை அனுப்பிய மறுநாளே வரவேற்பில் இருக்கும் பெண் கூப்பிட்டாள்.

"மேடம், திறக்குது, உடனே மூடிக்குது. சாயங்காலத்துக்குள்ள ஓடலைன்னா வேற ஆளைப் பார்க்கச் சொல்றார் டாக்டர்."

இங்கே மேசையில் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மருமகள் நகத்தைக் கடித்தாள். முதல் வாடிக்கையே போனால் அடுத்தவன் ஏன் வரப்போகிறான்?

"அங்க இல்லாத ஏதோ ஒண்ணு இங்க இருக்கு அத்தை," என்று விண்டோஸ் கணினியை அழித்துப் புதிதாக்கி, அதே மூட்டையைப் பிரித்தாள். திறந்தது. மூடிக்கொண்டது.

"செத்துடுச்சு," என்று சிரித்தாள். எனக்குப் புரிந்தது. வைத்தியர் எதிரிலேயே காய்ச்சல் வந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

தட்டும் கையுமாக இருந்த என் மகன் எழுந்து நழுவப் பார்த்தான்.

"எங்க கிளம்பிட்டீங்க? இதுல யாரு கை வச்சது?"

"நீ இந்த வாரம் அழிச்சு வச்சதுக்கு அப்புறம் ஒரு சீட்டாட்டம் போட்டேன். அன்னிக்கே எடுத்துட்டேனே."

"எடுத்தா? அது ஒரு துணைக் கோப்பை இங்கேயே விட்டுட்டுப் போயிருக்கு. அதைப் பிடிச்சுக்கிட்டுதான் என்னோடது இந்த வாரம் முழுக்க நின்னிருக்கு."

"அப்போ தப்பு ஆட்டத்து மேலதானே?"

"ஜெயிச்சியாடா?" என்று கேட்டேன்.

"எங்கம்மா, எல்லாம் தோல்விதான்."

"அதுக்காகவாவது ஆட்டத்தை விட்டுத்தொலைச்சிருக்கலாம்," என்றாள் மருமகள். விடுபட்ட கோப்பைச் சேர்த்து மூட்டையைத் திரும்பக் கட்டினாள், இன்னொரு முறை அழித்த கணினியில் ஓட்டிப் பார்த்தாள், பிறகே அனுப்பினாள்.

இருட்டுவதற்கு முன் போன் வந்தது. "ஓடுது மேடம். டாக்டருக்குச் சந்தோஷம். பக்கத்துக் கிளைக்கும் நீங்களே போடணுமாம்."

"நல்லது. இப்ப முதல்ல போட்டது, இது ரெண்டையும் மிச்சமில்லாம அழிச்சிட்டு, இதை மட்டும் திரும்பவும் போடுங்க."

"ஐயோ, ஓடுதே மேடம்."

"போடுங்கம்மா, நான் லைன்லயே இருக்கேன்."