பூஜ்ஜியக் குழுவின் ஒரே உறுப்பினர்

அப்பா அறுபத்திரண்டாம் வயதில் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டார். மலாங் நகரில் எங்கள் சந்தின் சாக்கடையைத் தினமும் ஒரு குழு அள்ளவேண்டும். ஒன்று முதல் ஏழு வரை ஏழு குழுக்கள். இன்று யார் முறை என்று தினமும் சண்டை. அதைத் தீர்க்கத்தான் அந்தப் புரோகிராம்.

முக்கியமான வரி ஒன்றுதான்: குழு = நாள் % 7. அந்த % குறி, வகுத்தபின் வரும் மீதியைத் தரும். எட்டாம் நாளுக்கு மீதி ஒன்று, முதல் குழு. ஏழாம் நாளுக்கு மீதி பூஜ்ஜியம். பட்டியலில் ஏழாம் குழுவின் இடத்தில் ‘குழு 0’ என்று அச்சாகியிருந்தது.

எனக்கு இதுதான் தொழில். “அப்பா, குழு முழு எண்ணா இருக்கணும்னு மட்டும்தான் சொல்லி வச்சிருக்கீங்க. பூஜ்ஜியமும் முழு எண்தான். அதான் கம்ப்யூட்டர் சும்மா இருந்துடுச்சு. மீதியோட ஒண்ணு கூட்டுங்க, சரியாயிடும்.”

“அதுவே ஒத்துக்கிச்சு. உனக்கென்ன?” என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

பதினோரு ஆண்டுகள் போனார். முதுகில் ‘குழு 0’ என்று அச்சடித்த சட்டை தைத்துக்கொண்டார். சுதந்திர தினத்தில் சிறந்த குழுவுக்கான பரிசு வாங்கினார். குழுப் புகைப்படத்தில் தனியாக, சற்றே இடப்பக்கம் ஒதுங்கி நிற்கிறார். ஒருமுறை காய்ச்சல் வந்தபோது குழுத் தலைவருக்கு விடுப்புக் கடிதம் எழுதியிருக்கிறார். அடியில் அவர் கையெழுத்திலேயே: ‘அனுமதி இல்லை.’ அவர் இறந்தபிறகு மேசை இழுப்பறையில் அது கிடைத்தது.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் பட்டியலில் பூஜ்ஜியம் வந்தது. யாரும் அள்ளவில்லை. மாலையில் அப்பாவுக்கான பிரார்த்தனைக்கு வந்தவர்களின் செருப்புகள், பொங்கிய சாக்கடையில் எங்கள் வாசலிலிருந்து மிதந்து போயின.

சந்துத் தலைவர் பாக் சர்பின் வெறுங்காலோடு நின்றார். (எங்கள் ஊரில் ‘பாக்’ என்றால் ஐயா, ‘இபு’ என்றால் அம்மா.) “வெனிங், அந்தப் பூஜ்ஜியத்த எடுத்துடும்மா. ஏழாம் குழு வரட்டும்.”

ஏழாம் குழுவின் இபு துத்திக் கையிலிருந்த சோயா டெம்பே வறுவலைத் தட்டில் வைத்தார். “குழி மண்ணுகூட இன்னும் காயல, பாக். அதுக்குள்ள அந்த மனுஷன் குழுவக் கலைக்கணுமா? எனக்கு மனசு வரல.”

“உங்களுக்கு வராதது மனசு இல்ல இபு, இடுப்பு.”

“பதினோரு வருஷமா தயாராத்தான் இருக்கோம். எங்க முறை வரலன்னா நாங்க என்ன பண்ண?”

எங்கள் வீடும் ஏழாம் குழுதான். அதை யாரும் சொல்லவில்லை.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்பாவின் கணினியைத் திறந்தேன். ஒன்றைக் கூட்டினால் பூஜ்ஜியம் போய்விடும். + குறியை அடித்தேன். அழித்தேன். 7 இருந்த இடத்தில் 8 போட்டேன்.

எட்டால் வகுத்தால் மீதி பூஜ்ஜியம் முதல் ஏழு வரை வரும். புதுப் பட்டியலை இபு துத்திக் விரல் வைத்துப் படித்தார். “ஏழு வந்திருக்கே! நாளைக்கா?”

“நாளைக்குதான், இபு. உங்களோட நானும் வரேன். மறுநாள் பூஜ்ஜியம்.”

“அன்னிக்கு யாரு?”

“சட்டை எங்க?” என்று மட்டும் பாக் சர்பின் என்னைக் கேட்டார்.

“துவைச்சுக் காயப்போட்டிருக்கேன்.”